நான்காவது வரிசை

அன்பு மகனே,

பெட்டியைச் சுற்றி இந்தக் காகிதம் ஒட்டியிருப்பதைக் கண்டு திகைத்திருப்பாய். கிழித்து எறியாமல் பிரித்து, நிலவறைக்கு இறங்கும் கெல்லர்ப் படியில் உட்கார்ந்து முழுவதையும் வாசி. வாசித்து முடிக்கும்வரை பெட்டியைத் திறக்காதே. உள்ளே பதினெட்டுத் துப்பாக்கி ரவைகள் இருக்கின்றன, எண்ணித்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அவற்றைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்கான காரணத்தை இரண்டு மாதமாக என் நெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன். நீ சாப்பிடும்போது சொல்லலாம் என்று பக்கத்தில் வந்து நிற்பேன். "என்னம்மா?" என்று நீ நிமிர்ந்து பார்ப்பாய். "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். எழுத்தில் என்றால் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய். அதுதான் எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போய் நான்கு மணித்தியாலம் ஆகிறது. அப்பாவும் இல்லை. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அடுத்த வீட்டுக்காரர் கதவை அடித்துச் சாத்தினால் இன்னமும் என் பேனா துள்ளுகிறது. உன் ஒன்பது வயதில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். அன்றைக்கு அங்கே யாரோ ஒரு பெட்டியைத் தரையில் போட்ட சத்தத்துக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு கதிரைக்குக் கீழே குனிந்தேன். சனம் எல்லாம் பார்த்தது. உனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, இஞ்ச அது இல்லையம்மா" என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த வயதிலேயே நீ பயத்தை விட்டுவிட்டாய். நான் பதின்மூன்று வருடமாகியும் விடவில்லை.

அதனால்தான் நீ பத்தொன்பது வயதில் வந்து, வேலை பழகும் இடத்து நண்பனோடு துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது எனக்குக் காது அடைத்தது. "உனக்கென்ன விசரோ? எதுக்குப் பயந்து உன்னைக் கொண்டுவந்தனான்?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "அம்மா, இது கடதாசி மட்டையில ஓட்டை போடுற விளையாட்டு. ஆருக்கும் நோகாது. அங்க வாற கிழவன்மார் சுட்டு முடிய கேக் சாப்பிட்டிட்டுப் போய்ப் படுக்கிறவை." அப்பாவும் உன் பக்கம் சேர்ந்துகொண்டார். கொலோனில் மாதப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில் பெண்கள் என்னை விடவில்லை. "சண்டைக்குப் பயந்து ஓடிவந்து இப்ப வீட்டுக்குள்ளேயே வெடி செய்யினமாம்" என்று ஒரு அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் சிரித்தபடி கோப்பையைக் கழுவினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த அக்கா சொன்ன காலத்தில் நீ வீட்டில் எதையும் செய்யத் தொடங்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, ரவை நிரப்பும் அந்தப் பச்சை நிற பிரஸ்ஸைக் கெல்லரில் மேசையோடு இறுக்கிப் பூட்டினாய். கடையில் ரவை வாங்கினால் கட்டுபடியாகாது, சுட்டு மிஞ்சும் பித்தளைக் கோதுகளைத் திரும்ப நிரப்பினால் போதும் என்றாய். எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே வெடிமருந்து. முதல் வாரம் நான் செருப்பை மெதுவாக வைத்துத்தான் வீட்டுக்குள் நடந்தேன். தடுக்க முடியாது என்று தெரிந்தபோது, பக்கத்தில் இருப்பது என்று முடிவெடுத்தேன். உன்னுடைய தடித்த ஜெர்மன் புத்தகத்தை எடுத்து, அகராதியையும் வைத்துக்கொண்டு ஒரு மாரிகாலம் முழுக்க வாசித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போகும். சில நாள் அரைப் பக்கம்.

அந்தப் புத்தகத்தில் படித்தும் உன்னைப் பார்த்தும் வேலையை விளங்கிக்கொண்டேன். உன் பிரஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஐம்பது கோதுக்கும் முதல் வேலை, பிறகு ஐம்பதுக்கும் இரண்டாவது வேலை. மருந்து போட்ட பிறகு ஐம்பதும் அந்த மரப் பலகையின் துளைகளில் வாய் திறந்தபடி நிற்கும். ஈயக் குண்டை வைத்து வாயை மூடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். அந்தப் பலகையை முதலில் பார்த்தபோது துளைகளை எண்ணினேன். ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்துத் துளை. செபமாலை மாதிரியே. "இதை நான் பார்க்கிறன், தம்பி. என்னட்டை விடு" என்று கேட்டேன். நீயும் விட்டாய்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் ரோச் லைற்றோடும் செபமாலையோடும் கீழே வருவேன். ஒரு கோதுக்குள் வெளிச்சம் அடிப்பேன், மருந்தின் மட்டம் சரியா என்று பார்ப்பேன், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வேன், ஒரு மணியை நகர்த்துவேன். வரிசை முடிந்தால் திரித்துவப் புகழ். ஐம்பதும் முடிந்தால் செபமாலையும் முடியும். நீ கைகளைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பாய். நான் கடைசியாக ஆமென் என்றதும் நீ ஈயத்தை எடுப்பாய். என் ஆமென்தான் உனக்கு உத்தரவு. பிறகு என் கொப்பியில் திகதி, எத்தனை ரவை, பார்த்தது எத்தனை என்று எழுதிச் சரி போடுவேன். வீட்டுக் கணக்கில் அரிசி, மின்சாரம், ஊருக்கு அனுப்பியது எல்லாம் எழுதும் அதே கொப்பியின் பின்பக்கம். மகனே, உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சனிக்கிழமைகளில்தான் எனக்குப் பயம் குறைந்திருந்தது. நீ உயிரோடு எனக்கு முன்னால் இருந்தாய். ஒவ்வொரு ரவைக்கும் ஒரு செபம் இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாக வாசி.

கார்த்திகை மாதம், மரித்தவர்களுக்காக மன்றாடும் மாதம். அந்தச் சனிக்கிழமை நான்காம் பத்து மணியை என் தம்பிக்கு ஒப்புக்கொடுத்தேன். மண்ணெண்ணெய் வாங்கப் போய் ஷெல் பட்டுச் செத்த உன் மாமாவுக்கு. மற்ற நாட்களில் அவருக்கான செபத்தைக் கோயிலில்தான் சொல்வேன். அன்று ஏனோ கெல்லரில் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லத் தொடங்கியதும் கண்ணை மூடிவிட்டேன். பதுங்குகுழிக்குள் இருந்து பழகிய செபம் அது. அங்கே ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் கண்ணை மூடித்தான் சொல்வோம். விரல் தானாக மணியை நகர்த்திக்கொண்டே போயிருக்கிறது. கண் திறந்தபோது, பத்து முடிந்ததைக் காட்டும் பெரிய மணியில் கை நின்றது. ரோச் லைற்றின் வெளிச்சம் மூன்றாம் வரிசைக் கடைசியிலேயே விழுந்து கிடந்தது. ஒரு விநாடி யோசித்தேன். செபமாலை நான்கு பத்து முடிந்தது என்கிறது, செபமாலை பிழை சொல்லுமா என்று நினைத்து ஐந்தாம் வரிசைக்குப் போய்விட்டேன். முடிவில் மணியும் முடிந்தது, பலகையும் முடிந்தது. கணக்குச் சரி. கொப்பியில் ஐம்பது என்று எழுதிச் சரி போட்டேன்.

நான்காவது வரிசையை நான் பார்க்கவில்லை, மகனே.

அடுத்த நாள் நீ சுடுதளத்திலிருந்து வந்து, சோற்றுக்கு முன்னால் இருந்து சிரித்துச் சிரித்துச் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, முப்பது சுட்டன், ஒரு பிரச்சினையும் இல்லை. முப்பத்தொண்டும் சரி. அடுத்தது புஸ் எண்டுது, எங்கட பிரஷர் குக்கர் மாதிரி. நான் அடுத்ததை இழுக்கப் போறன், பின்னால நிண்ட மேற்பார்வைக்காரன் நிப்பாட்டு எண்டு கத்தின கத்தில எனக்குக் கை மரத்துப் போச்சு." அந்த ரவைக்குள் மருந்தே இல்லை. அடியில் பொறி தட்டும் சின்ன மூடி மட்டும் வெடித்து, ஈயத்தைத் துப்பாக்கிக் குழாய்க்குள் அரைவாசித் தூரம் தள்ளி இறுக்கிவிட்டது. நீ விசையை மறுபடி இழுத்திருந்தால் அடுத்த ஈயம் அதன்மேல் போய் மோதியிருக்கும், குழாய் உன் முகத்துக்கு முன்னால் பிளந்திருக்கும். மேற்பார்வைக்காரர் பித்தளைக் கம்பியால் அந்த ஈயத்தைத் தட்டி வெளியே எடுத்துத் தந்தாராம். நீ அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாய். "இந்தாங்கோ, உங்கட மாதாவுக்குக் காணிக்கை."

நான் அதைக் கையில் எடுத்தேன். முப்பத்திரண்டாவது. பலகையில் நின்ற ஒழுங்கில்தான் நீ எப்போதும் பெட்டியில் அடுக்கிச் சுடுவாய், அப்படியென்றால் நான்காவது வரிசையில் இரண்டாவது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா கேட்டார், "கொம்மா பாத்தவதானே, பிறகு எப்படி?" நீ எனக்காக நியாயம் பேசினாய். "அம்மாவில பிழையில்லை. கொப்பியில ஐம்பது எண்டு கிடக்கு. அவ பாத்த பிறகு நான் ஒவ்வொண்டாய்க் கையால எடுத்து பிரஸ்ஸுக்கு வைக்கேக்க ஒண்டு சரிஞ்சு கொட்டுப்பட்டிருக்கும். பழைய பிரஸ்ஸில இதுதான் கரைச்சல், எல்லாத்துக்கும் கை படவேணும்." அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்ற நிம்மதியில் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். உன்னை ஆபத்தில் விட்டுவிட்டு என் மானத்தைக் காப்பாற்றினேன். உன்னை வளர்த்ததில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

மிஞ்சிய பதினெட்டையும் நீ பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டினாய். பிறகு உனக்கும் றெஜினாவுக்கும் கலியாண வேலை வந்தது. மண்டபம், கார்ட், றெஜினாவின் சேலை, பிறேமன் நகரில் உங்களுக்கு வீடு, உன் புது வேலை. அந்தப் பெட்டி என் மனதில் பின்னுக்குப் போனது. ஆனால் நீ புது பிரஸ்ஸின் படம் போட்ட கடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து றெஜினாவுக்குக் காட்டினாயே, அன்று திரும்ப முன்னுக்கு வந்தது. ஐந்து கோது வட்டமாக நிற்குமாம், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஐந்திலும் ஐந்து வேலை நடக்குமாம், ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு ரவை வெளியே விழுமாம். "சனிக்கிழமை முழுக்கக் கெல்லருக்குள்ள இருக்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்" என்று றெஜினா சொன்னாள். "அதுதானே வாங்கப்போறன், அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டு வருவன்" என்று நீ சொன்னாய். என்னைப் பார்த்து, "கை படாத வேலை, அம்மா. முந்தி நடந்த மாதிரி நடக்காது" என்றாய். பழைய பிரஸ் செய்யாத ஒரு பிழைக்காக நீ அதைத் தள்ளிவைக்கிறாய். நான் செய்த பிழை அது.

செவ்வாய்க்கிழமை நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். ஞாயிறு கழகத்தில் பிரியாவிடைச் சுடுதலாம், புதிதாக ஒன்றும் செய்ய நேரமில்லையாம், அலமாரியில் கிடக்கும் பதினெட்டை முடித்துவிடலாமாம். "அம்மா பாத்ததுதானே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

நீ போனதும் உன் புத்தகத்தை எடுத்தேன். முதல்முறை வாசித்தபோது நீளமான சொற்கள் நிறைந்த பக்கங்களைத் தாண்டிப் போயிருந்தேன். அவற்றில் ஒரு பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. அரை நாள் எடுத்து அதை வாசித்தேன். மருந்து இறங்கும் குழாயில் சிலவேளை தூள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அடைத்து நிற்குமாம். அப்போது ஒரு கோதுக்குள் ஒன்றும் விழாதாம். அடைத்து நின்றதும் சேர்ந்து அடுத்த கோதுக்குள் இரட்டிப்பாக விழலாமாம். உன் கோதுகள் நீளமானவை, மருந்தோ அடியில் கொஞ்சம்தான். இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. ஈயத்தை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. எட்டிப் பார்க்க ஒருத்தி இருந்தாள், அவள் கண்ணை மூடியிருந்தாள். வெறும் ரவை ஒன்று நான்காவது வரிசையில் வந்திருக்கிறது. அதற்கு அடுத்தது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அன்று ரிவோல்வரில் மிஞ்சியிருந்ததைக் கழற்றித் திரும்பப் பெட்டியில் போட்டபோது எல்லாம் கலந்துவிட்டது. எது நான்காவது வரிசை, எது ஐந்தாவது என்று இனி யாருக்கும் தெரியாது.

இதை வாசித்த பிறகு நான் செய்த வேலைகளைச் சொன்னால் கோபிப்பாய். உன் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் குளிர்ச்சட்டையைக் கழுவும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. சட்டப்படி உன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று நீ எத்தனையோ தரம் சொன்னாய். தொட்டேன். பதினெட்டையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக என் சமையல் தராசில் வைத்தேன். ஐந்து கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்தை அது காட்டாது, மருந்தோ ஒரு கிராம்கூட இல்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்க நினைத்தேன். கை எழவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அடுப்பில் இருந்த பருப்பு கருகியது. அதற்குத்தான் அன்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாய்.

நேற்றுக் கோயிலுக்குப் போய்ச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. "உங்கட மகன் ரவை செய்யிறவரோ?" என்று குரலை இறக்கிக் கேட்டார். பத்திரம் எல்லாம் இருக்கிறது சுவாமி, விளையாட்டுக்கு என்று விளங்கப்படுத்தவே பாதி நேரம் போனது. முழுவதையும் கேட்டபிறகு, "அம்மா, செபம் சொன்னது பிழையில்லை. செபம் சொன்னதாலை பாத்ததாய் நினைச்சதுதான் பிழை. இதை எனக்குச் சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமை சுடப்போறது நானோ?" என்றார். அங்கிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் நின்றது.

புது பிரஸ் வாங்கலாமா என்று நீ என்னிடம் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு முன் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருப்பேன், பயத்தில். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பழையதில் நின்று பார்க்க நேரம் இருந்தது, அப்படியும் பார்க்காமல் விட்டேன். புதியதில் நிற்க நேரமே இல்லை. கை தானாக இழுக்கும், மனம் வேறெங்கோ போகும், என் விரல் மணியை நகர்த்தியது போல. கடைக்காரருக்கு என் உடைந்த ஜெர்மனில் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மருந்து குறைந்தாலும் கூடினாலும் கைப்பிடியை இறுக்கி நிறுத்திவிடும் ஒரு துண்டு தனியாகப் பூட்டலாமாம். நீ கட்டாயம் புதியதுதான் வேண்டுமென்றால் அதில்லாமல் வாங்காதே. என் மனதைக் கேட்டால், முதல் ஒரு வருடம் பழையதையே பிறேமனுக்குக் கொண்டுபோ. குறைவாகச் செய், குறைவாகச் சுடு. இவ்வளவு நாளும் உள்ளே எட்டிப் பார்த்தது நான். நீ என் கொப்பியைத்தான் பார்த்தாய். உன் கண் பழகட்டும். றெஜினாவை அந்த வேலைக்கு இருத்தாதே. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பிக் கைப்பிடியை இழுக்காதே, அந்த யாரோ உன் தாயாக இருந்தாலும். எதை வாங்குவதென்று நீயே தீர்மானி. ஆனால் கை பட்டுக் கொட்டியது என்ற காரணத்தை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து அடித்துவிடு. அது நடக்கவில்லை.

கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே ஐம்பதை வெட்டி நாற்பது என்று எழுதிவிட்டேன். அப்பாவிடம் இன்றைக்கே சொல்வேன். சாவியை வேறு இடத்தில் ஒளித்து வை, எங்கே என்று எனக்குச் சொல்லாதே. கோபம் இருந்தால் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இரு, தாங்குவேன். ஆனால் சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கீழே வா. பதினெட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தை என் வெள்ளைத் தட்டில் கொட்டு. நானும் பக்கத்தில் இருப்பேன். செபமாலை மேலே மாதாவுக்கு முன்னால் இருக்கட்டும், உனக்கான செபத்தை அங்கே சொல்லி முடித்துவிட்டே வருவேன். கீழே ரோச் லைற்றை மட்டும் கொண்டுவருவேன். ஆமென் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீ ஒருமுறை, நான் ஒருமுறை, "பார்த்தேன்" என்று சொல்வோம். இரண்டு பேரும் சொல்லும்வரை அடுத்ததைத் தொடாதே.

உன் அம்மா